வைப்பர் டப்பாவில் ஊற்றிய மவுத்வாஷ்

“இடது பக்கக் கண்ணாடியை ஏன் பாக்கவே இல்ல?”

லைசென்ஸ் பரீட்சையில் என்னைப் பெயிலாக்கிய அதிகாரி, காரை விட்டு இறங்கும்போது இப்படிக் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடம் முடித்த கையோடு கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன ஆள். எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் படித்த பலரும் இதே கேள்விக்கு என்னைப் போலவே விழித்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் பதிலைச் சொன்னவர் அந்த மாஸ்டரேதான். ஒன்றையும் மறைக்க வேண்டாம், எழுது என்றார். அதனால் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

அவரை எல்லோரும் கண்ணாடி மாஸ்டர் என்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடி போட்டவரல்ல. வண்டியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை, “கண்ணாடி, கண்ணாடி, இடது கண்ணாடி” என்று சொல்லிக்கொண்டே வருவார். அதனால் வந்த பெயர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தேய்த்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, காலடியில் தனக்கென்று ஒரு கிளட்ச், ஒரு பிரேக். காலையில் முதல் ஆளை ஏற்றினால் பொழுது சாயும்வரை அந்த இடது சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

“வண்டி ஓட்ட வராத ஆளுன்னு யாரும் கிடையாது. சொல்லிக் குடுக்க வராத ஆளுதான் உண்டு” என்பது அவர் அடிக்கடி சொல்வது. அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு மிதப்பு தெரியும்.

வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு சங்கடம் அந்த வேலையில் உண்டு. ஒருவர் இறங்குகிற இடத்திலேயே அடுத்தவர் ஏறிக்கொள்வார். நடுவில் ஒதுங்குவதற்கு இடமும் இருக்காது, நேரமும் இருக்காது. அதற்குப் பயந்துகொண்டு மாஸ்டர் பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டிருந்தார். நாள் முழுக்கப் பேச்சு, தொண்டை வறண்டு போகும். அதற்குப் புதினா மிட்டாய். கியருக்குப் பக்கத்துக் குழியில் எப்போதும் நிறையக் கிடக்கும். ஒன்று கரைவதற்குள் அடுத்ததை வாயில் போட்டுக்கொள்வார். வாய்க்கு மணமாகவும் ஆயிற்று, தூக்கமும் வராது என்பது அவர் கணக்கு. பின் பல் ஒன்று அவ்வப்போது விண்விண்ணென்று தெறிக்கும். அன்றைக்கு மிட்டாயை மறு பக்கத்துக் கன்னத்துக்கு மாற்றிக்கொள்வார். பல்லுக்கு அவர் செய்த வைத்தியம் அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் ஓட்டுநர் பள்ளி முதலாளி அவரைக் கூப்பிட்டார். மாஸ்டரை விட வயதில் சின்னவர்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க ஆளுங்க எல்லாம் ஒரே இடத்துலதான் வழுக்கி விழறாங்க. ரிவர்ஸ் நல்லா வருது, மேட்டுல நிறுத்தி எடுக்கறது நல்லா வருது. இடது பக்கம் மட்டும் ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறாங்களாம். ஆஃபீசர் என்னைப் பாத்து சிரிக்கறாரு. உங்க ஸ்கூல்ல பாதி ரோடுதான் சொல்லித் தருவீங்களானு கேக்கறாரு.”

“நான் கத்தாத கத்தா தம்பி. காதுக்குப் பக்கத்துல போய்ச் சொல்றேன். அப்பவும் கழுத்து திரும்பலைன்னா நான் என்ன செய்ய?”

“எனக்கு அது தெரியாதுண்ணே. லாண்டரி அம்மாவும் இந்தத் தடவை போச்சுன்னா, நீங்க ஆஃபீஸ்ல உக்காந்து ஃபோன் எடுங்க. வண்டிக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்.”

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. இடது சீட்டிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் அப்புறம் அவர் மாஸ்டரே இல்லை.

லாண்டரி அம்மா என்று முதலாளி சொன்னது ஒரு சலவைக் கடையில் கவுண்டர் பார்க்கிற பெண்ணை. முப்பத்தைந்து வயதிருக்கும். துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க அந்தக் கடை ஒரு வேன் வாங்கியிருந்தது. லைசென்ஸ் எடுத்தால் வேன் உனக்குத்தான் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நாள் முழுக்க நீராவியில் வேகும் அந்தக் கவுண்டரிலிருந்து வெளியே வர அவளுக்கு இருந்த ஒரே வழி அது. ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றுவிட்டாள். இந்தத் தடவையும் தோற்றால் வேனை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள்.

முதலாளி பேசியதற்கு அடுத்த நாள் காலை. மாஸ்டர் காரில் ஏறியபோது கதவுப் பையில் நீல நிறத் திரவம் நிறைந்த ஒரு பாட்டில் இருந்தது. லேபிள் இல்லை. முன்கண்ணாடி கழுவ வைப்பருக்கு ஊற்றுகிற நீலத் தண்ணீர் வாங்கித் தரச்சொல்லி முதலாளியிடம் அவர் பலநாள் கேட்டிருந்தார். பரவாயில்லையே, திட்டினாலும் கேட்டதை நேற்றே வாங்கி வண்டியில் வைத்திருக்கிறானே என்று மனசு கொஞ்சம் லேசானது. பானெட்டைத் திறந்து வைப்பர் டப்பாவில் மொத்தத்தையும் ஊற்றிவிட்டு, லாண்டரி அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

“இன்னிக்கு இடது பக்கம் பாக்கலைன்னா வண்டியை நிறுத்தி இறக்கி விட்டுடுவேன், சொல்லிட்டேன்.”

“பாக்கறேன் மாஸ்டர். எத்தனை சட்டை மடிச்சிருப்பேன், ஒரு கசங்கல் இருக்காது. இந்தக் கழுத்து மட்டும் மடிய மாட்டேங்குது.”

முன்னால் போன லாரி பள்ளத்தில் இறங்கி, முன்கண்ணாடி முழுக்கச் சேற்றை வாரியடித்தது.

“பதறாதீங்க. வைப்பரைப் போடுங்க, தண்ணி அடிங்க. புதுசா ஊத்தியிருக்கேன்.”

அவள் அடித்தாள். நீலமாகப் பீய்ச்சியது. வைப்பர் இரண்டு தடவை போய்வந்ததும் கண்ணாடியெல்லாம் நுரை. ஏசி வழியாக உள்ளே குப்பென்று புதினா மணம். அவள் வண்டியை ஓரங்கட்டி மூக்கை உறிஞ்சினாள்.

“என்ன ஊத்தினீங்க மாஸ்டர்?”

“வைப்பர் தண்ணிதான். முதலாளி வாங்கி வெச்சிருக்கார்.”

“இது மவுத்வாஷ் மாஸ்டர். எங்க வீட்டுல இதேதான் வாங்கறோம். வண்டிக்குப் பல்லு விளக்கி விட்டிருக்கீங்க போங்க.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாஸ்டருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய்விட்டுச் சிரித்தபடியே அவள் பக்கம் சாய்ந்தார். சிரித்துக்கொண்டிருந்த அவள் முகம் அப்படியே வலப்பக்கம் ஜன்னலுக்குத் திரும்பியது. கை தானாக மூக்குக்குப் போய், பாதியில் நின்று, காதோர முடியை ஒதுக்குவதுபோல நடித்தது.

அந்தத் திரும்பல் அவருக்குப் பழகின ஒன்று. அவரிடம் படித்த எல்லோருமே அப்படித்தான் திரும்புவார்கள். எதிரே வரும் வண்டிக்குப் பயப்படுகிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

இன்று அந்தக் கை மூக்குக்குப் போனதையும் பார்த்துவிட்டார். காரில் மவுத்வாஷைக் கொண்டுவந்து வைக்கிறவர் யார்? மாஸ்டர் காலிப் பாட்டிலை எடுத்துப் பார்த்தார். லேபிளை வெந்நீரில் ஊறவைத்துப் பிய்த்த தடம், விளிம்பில் கொஞ்சம் பசை. வீட்டில் ஜாம் பாட்டில்களுக்கு லேபிளை இப்படி உரிக்கிறவள் அவர் மனைவி. நேற்று ராத்திரி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வண்டியின் சாவியை அவள் கேட்டு வாங்கியதும் நினைவுக்கு வந்தது. காரில் குடையை விட்டுவிட்டாளாம்.

அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்குச் சங்கடம் தாங்கவில்லை. “ஏதோ மாத்தி வெச்சிருப்பாங்க மாஸ்டர்” என்று முணுமுணுத்தாள்.  அதற்குப் பிறகு அன்று மாஸ்டரிடமிருந்து ‘கண்ணாடி’ என்ற சொல்கூட வரவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டபடி, மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனவர், சமையலறை வாசலில் நின்றார்.

“பாட்டில் வெச்சது நீயா?”

மனைவி அடுப்பை அணைத்தாள். திரும்பவில்லை. “ஆமாங்க.”

“லேபிளை எதுக்குப் பிச்ச?”

“வண்டியில ஏறவங்க பாத்தா உங்களுக்குக் கௌரவக் குறைச்சலாச்சேன்னு.”

“நான் அதை வைப்பர்ல ஊத்திட்டேன்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

“எவ்வளவு நாளா?” என்று கேட்டார்.

“எதுக்குங்க அதெல்லாம்.”

“சொல்லு.”

“ரொம்ப நாளா. நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுக்கறது எதுக்குன்னு நெனச்சீங்க?”

“ஃபேன் காத்து ஆகலைன்னு சொன்னியே.”

“வேற என்னத்தச் சொல்ல? ஒரு தடவை சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். அன்னிக்கு எவனோ ஒருத்தன் முதல் தடவையிலேயே பாஸாயிட்டான்னு நீங்க சந்தோஷமா வந்தீங்க. இன்னிக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு காரணம். பெத்த பொண்ணே வந்தா எட்டி உக்காந்து பேசறா. நீங்க கவனிக்கலையா?”

அவர் கவனித்திருக்கவில்லை. கல்யாணமாகிப் போன பெண், மரியாதைக்காகத் தள்ளி உட்கார்கிறாள் என்று பெருமையாக நினைத்திருந்தார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல இருந்தது. அன்று கூடத்தில் தனியாகப் பாயை விரித்துக்கொண்டார்.

மறுநாள் பஸ் பிடித்து ஊரின் மறுகோடிக்குப் போனார். பக்கத்து மருந்துக்கடையில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மறுகோடிக் கடையில் மவுத்வாஷுக்கென்றே ஒரு முழுத் தட்டு இருந்தது. நீலம், பச்சை, சிவப்பு, நிறமே இல்லாதது. ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு பல்வரிசை. கடைப் பெண்ணின் குரல் வேறு கணீரென்று இருந்தது.

“என்னங்க வேணும்? வாய் நாத்தத்துக்கா, சொத்தைக்கா?”

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பினார்கள்.

“எனக்கில்லம்மா. என் மச்சானுக்கு.”

“மச்சானுக்குப் பல்லு சொத்தையா?”

“அவன் வாயை நான் எங்க பாத்தேன்? நல்லா வேலை செய்யறதா ஒண்ணு குடு.”

“எரியறது பரவாயில்லையா? சிலருக்கு ஆகாது.”

“எரியட்டும். எரிஞ்சாத்தான் அவனுக்குப் புத்தி வரும்.”

எரிந்தால்தான் வேலை செய்யும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். ஆசிட் ஊற்றினால் குளியலறைத் தரை சுத்தமாகிறதில்லையா? அதுபோல என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஆள் ஏறுவதற்கு முன்னாலும் வண்டிக்குப் பின்பக்கம் போய் ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்தார். கண்ணில் தண்ணீர் வரும். கொஞ்ச நேரம் புதினா மணக்கும். பிறகு வாய் முன்னைவிட அதிகமாகக் காய்ந்துபோகும். உடனே ஒரு மிட்டாய். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பின் பல் பிடித்துக்கொண்டது. கன்னம் வீங்கி, பிரேக்கை மிதித்தால்கூடப் பல்லில் தெறித்தது. வேறு வழியில்லாமல் பல் டாக்டரிடம் போனார்.

டாக்டர் இளம்பெண். விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்துவிட்டு, தன் முகத்து மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அதைப் பார்த்து மாஸ்டர் கூனிக்குறுகிப் போனார். சாய்வு நாற்காலியில் எங்கே போய்க் குறுகுவது? வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

“என்ன போட்டுக் கொப்பளிக்கிறீங்க?”

பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார்.

“இதை ஏன் வாங்கினீங்க?”

“நல்லா எரிஞ்சுதுங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. “எரியறதுக்கும் வேலை செய்யறதுக்கும் சம்பந்தமே இல்லை. இதுல ஆல்கஹால் இருக்கு. ஏற்கெனவே காஞ்ச வாய், இன்னும் காயும். எச்சில் ஊறாத வாயில சொத்தை சீக்கிரம் வரும். இது வாசனையை மட்டும் கொஞ்ச நேரம் மூடி வெக்கிற சரக்கு. ஈறு வீங்கினா நாங்க சில நாளைக்குன்னு எழுதித் தர்ற மருந்து ஒண்ணு இருக்கு. அதையும் நீங்களா வாங்கித் தொடர்ந்து போட்டா பல்லுல கறை படியும். சொத்தை வராம இருக்க உதவறது ஃப்ளோரைடு இருக்கறதுதான். முன்பக்கம் இருக்கற படத்தைப் பாக்காதீங்க. பாட்டிலைத் திருப்பி, ஃப்ளோரைடுனு எழுதியிருக்கா, ஆல்கஹால் இல்லையான்னு பாருங்க.”

“அதைப் போட்டா இது சரியாயிடுங்களா?”

“விழுந்த ஓட்டையை எந்தத் தண்ணியும் அடைக்காது. ரெண்டு பல்லை நான் அடைக்கணும். பின்னாடி இருக்கறதை எடுத்துத்தான் ஆகணும். இனிமே புதுசா வராம இருக்கத்தான் மவுத்வாஷ், அதுவும் பிரஷ்ஷுக்கு மேல ஒரு உதவி.”

“பஞ்சர் ஆன டயருக்கு பாலிஷ் போட்டுட்டு இருந்திருக்கேன்” என்றார் மாஸ்டர்.

இப்போது டாக்டர் சிரித்தார். பல் விளக்கிய கையோடு மவுத்வாஷ் வேண்டாம், பேஸ்டில் இருக்கிற ஃப்ளோரைடை அது அலசிக்கொண்டு போய்விடும், மதியம் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கொப்பளித்துத் துப்பிவிட்டு அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது, விழுங்கவும் கூடாது, சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்றார். கடைசியாக, “பையில என்ன சலசலங்குது?” என்று கேட்டார். புதினா மிட்டாய். அதை அங்கேயே குப்பைக்கூடையில் போடச் சொன்னார். “நாள் முழுக்க பல்லைச் சர்க்கரைத் தண்ணியில ஊற வெச்சிருக்கீங்க. தண்ணி குடிங்க.” தண்ணீர் ஏன் குடிப்பதில்லை என்ற காரணத்தை ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

பல்லைப் பிடுங்கி, வீக்கம் வடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளி ஒரு செய்தி சொன்னார்.

“லாண்டரி அம்மா இனிமே வராதாம். பரீட்சைக்கும் போகலையாம். வண்டி ஓட்டற ராசி எனக்கில்லைன்னு சொல்லிடுச்சு. போங்கண்ணே, இதுல உங்க மேல தப்பு சொல்ல முடியாது. பரீட்சைக்கே போகாதவங்களைப் பெயில்னு சொல்ல முடியுமா?”

அதாவது, மாஸ்டர் தப்பித்துவிட்டார். பேசாமல் இருந்தால் போதும். சீட்டும் அவருடையதே, மானமும் போகாது. வாய் சரியாகிக்கொண்டு வருகிறது, இனி வருகிறவர்கள் இடது பக்கம் பார்த்துக்கொள்வார்கள். அன்று முழுவதும் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால், ‘ராசி இல்லை’ என்று அவள் சொன்னது பிடுங்கிய பல்லின் குழிபோல உறுத்திக்கொண்டே இருந்தது. நாக்கு அங்கேயேதான் போய்ப் போய் நின்றது.

மறுநாள் சலவைக் கடைக்குப் போனார். கவுண்டருக்குப் பின்னால் அவள் போர்வை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே தேய்ப்பவர் ஒருவர், வெளியே சட்டைக்காகக் காத்திருக்கும் ஒருவர். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“வாங்க மாஸ்டர். நான் அன்னிக்கு ஏதோ விளையாட்டா சிரிச்சிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

“அதுக்கு வரலம்மா. உனக்கு ராசி இல்லைன்னு சொன்னியாமே.”

“ரெண்டு தடவை போனப்புறம் வேற என்ன சொல்றது? இடது பக்கம் பாருன்னா ஒரு குழந்தைகூடப் பாக்கும். என் கழுத்து திரும்பல. பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு வேன்?”

மாஸ்டர் கவுண்டரிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். காத்திருந்தவர் போவதாகத் தெரியவில்லை. சொல்லத்தான் வேண்டும்.

“உன் கழுத்துல ஒண்ணுமில்ல. என் வாயிலதான். நாத்தம். இடது பக்கம் நான் உக்காந்திருந்தேன், அதனாலதான் நீ திரும்பல, அதுவே பழகிப்போய் பரீட்சையிலயும் திரும்பல. நீ மட்டுமில்ல, என்கிட்ட வந்த யாருமே திரும்பல. நான் வேற கிட்ட வந்து கிட்ட வந்து கத்தியிருக்கேன். பெயிலானது நீ இல்லம்மா.”

இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. தேய்ப்பவர் எட்டிப் பார்த்தார். மாஸ்டரின் காது மடல் சூடேறியது. அவள் போர்வையைப் பாதியில் விட்டுவிட்டாள்.

“நாத்தம்னு எனக்குத் தெரியும் மாஸ்டர்” என்றாள் மெதுவாக. “எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. ஆனா அதனாலதான் திரும்பலைன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. பயம்னே நெனச்சிட்டேன்.”

“வேற மாஸ்டரை வெச்சுக்கோ. நானே முதலாளிகிட்ட சொல்றேன், காரணத்தையும் சேத்து. இல்ல, என்னோடதான் வருவேன்னா முகத்துல மாஸ்க் போட்டுக்கறேன், ஜன்னலை இறக்கி விட்டுக்கறேன். பல்லெல்லாம் பாத்தாச்சு.”

காத்திருந்தவர் தொண்டையைச் செருமினார். “எந்த டாக்டருங்க?” என்று தயங்கிக் கேட்டார். கேட்கும்போது அவர் தன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

லாண்டரி அம்மா மாஸ்டரோடுதான் வந்தாள். மாஸ்க் போட்டபடி அவர் ‘கண்ணாடி’ என்றபோது முதலில் இருவருக்குமே கூச்சமாக இருந்தது. கழுத்து சட்டென்று பழக்கத்தை விடவில்லை, வலப்பக்கமே இழுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. தண்ணீருக்காகவும், தண்ணீர் குடித்தால் வருகிற அந்த இன்னொரு காரணத்துக்காகவும் இரண்டு பேருக்கு நடுவே இடைவெளி வேண்டுமென்று மாஸ்டர் முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று அவர் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்கும் தெரியும்ணே” என்றார். அதைக் கேட்டபோதுதான் மாஸ்டர் எல்லாவற்றையும்விட அதிகமாக வெட்கப்பட்டாராம்.

பரீட்சையில் லாண்டரி அம்மா இடது கண்ணாடியைத் தேவைக்கு மேலேயே பார்த்தாள். நேரே ரோட்டையும் பாருங்கம்மா என்று அதிகாரி சொல்லவேண்டியிருந்தது. பாஸ் போட்டுவிட்டார். வேனும் அவள் கைக்கு வந்தது.

மாஸ்டர் அதோடு நிம்மதியாகிவிடவில்லை. முன்பு தன்னிடம் படித்துத் தோற்றவர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் செய்தார். சிலர் நம்பர் மாறியிருந்தது. சிலர், “அதெல்லாம் ஒண்ணுமில்ல மாஸ்டர்” என்று மரியாதைக்குப் பொய் சொன்னார்கள். ஒரு பெரியவர் மட்டும், “காரை வித்துட்டேனேப்பா” என்றார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, வேலை செய்கிற இடத்திலோ, இப்படி ஒருவர் இருக்கலாம். அவரிடம் சொல்ல உங்களுக்கு வாய் வராது, எனக்கும் வரவில்லை. லேபிளைக் கிழித்த பாட்டிலை வைக்காதீர்கள். அதற்குப் பதில் இந்தக் கதையைக் கொடுங்கள், சும்மா படிச்சுப் பாருங்க என்று மட்டும் சொல்லுங்கள். மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். முடிந்தவரை நிறையப் பேரிடம் போகட்டும் என்றுதான் என்னிடம் சொன்னார்.